பவணந்தி முனிவர்

பவணந்தி முனிவர் நன்னூல் என்னும் தமிழ் இலக்கண நூலை இயற்றியவர். சமணத் துறவியான இவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர் எனக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் சனகாபுரத்துச் சன்மதி முனிவரின் மகன் என்று நூலின் பாயிரம் தெரிவிக்கிறது. அவ்வூர் ஈரோடு மாவட்டத்திலுள்ள சீனாபுரமே என்பர் சிலர். கர்நாடகத்தில் உள்ளது என்பாரும் உளர். மூன்றாம் குலோத்துங்க சோழனின் சிற்றரசனான சீயகங்கன் ஐந்திலக்கணமும் பாட வேண்டினான். எழுத்தும் சொல்லும் மட்டுமே இன்று கிடைக்கின்றன.

புணர்ச்சி இலக்கணம்

இரண்டு உயிர்கள் சேருமிடத்து உடம்படுமெய் வரும் எனத் தொல்காப்பியம் பொதுவாகவே கூறியது. இன்ன உயிருக்கு இன்ன மெய் என வரையறுத்தவர் பவணந்தியார். இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரமும், பிற உயிர்களின் பின் வகரமும், ஏகாரத்தின் பின் இவ்விரண்டும் வரும். சொற்களை இணைக்கும் 'உம்' என்னும் இடைச்சொல்லில் இதைத் தெளிவாகக் காணலாம்: கிளியும், பூவும்.

இங்கு எழுத்தைவிட ஒலிப்பே முதன்மையானது. 'பசு', 'காடு' இரண்டும் உகரத்தில் முடிந்தாலும், முன்னது 'பசுவும்' என்றாகும். பின்னதன் உகரம் குறுகி ஒலிப்பதால் (குற்றியலுகரம்) அது கெட்டுக் 'காடும்' என்றாகும். ஸ்பானிய மொழியிலும் இதற்கு இணையான வழக்கு உண்டு. அங்கு 'உம்' என்னும் பொருளுடைய 'இ' என்ற தனிச்சொல், இகர ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'எ' என மாறும். அம்மொழி வருஞ்சொல்லின் முதலொலியை நோக்குகிறது; தமிழ் உம்மையோ நிலைமொழியின் ஈற்றை நோக்குகிறது.

உரைகள்

நன்னூலின் பழைய உரை மயிலைநாதருடையது. அதனை உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தார். சங்கரநமச்சிவாயரின் விருத்தியுரையைச் சிவஞான முனிவர் பின்னர்த் திருத்தினார்.