வறுமைக்குக் கணக்கு எழுதியவர்

மும்பை கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு டி.என். ரோடு தெரியாமல் இருக்காது. ரயிலை விட்டு இறங்கி புளோரா பவுண்டன் பக்கம் ஆபீசுக்கு நடந்து போகும் குமாஸ்தாக்கள் தினமும் மிதிக்கும் சாலை அது. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு ஹார்ன்பி ரோடு என்று பெயர். இப்போது அது தாதாபாய் நௌரோஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தியா ஏன் ஏழையாயிற்று என்பதற்கு ரூபாய், அணா, பைசாவில் கணக்குக் காட்டியவர் அவர்.

1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி ஏழைப் பார்சி புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் மானெக்பாய், மகனை இலவசப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார். ஊரார் வரிப் பணத்தில் படித்தோம், அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக நியமிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான்.

1855-ல் காமா கம்பெனியின் பங்காளியாக இங்கிலாந்து சென்றார். அபினி, சாராய வியாபாரத்தில் வரும் லாபம் வேண்டாம் என்று அதிலிருந்து விலகி, 1859-ல் சொந்தமாகப் பருத்தி வியாபாரம் தொடங்கினார்.

ரூ.20 கணக்கு

1866-ல் ஒரிசாவில் கொடும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அதற்கு மறு ஆண்டு லண்டன் கூட்டம் ஒன்றில், இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்று நௌரோஜி எடுத்துக் காட்டினார். சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்று கணக்கில் இறங்கினார்.

சர்க்கார் அறிக்கைகளையே கையில் எடுத்தார். எந்த மாகாணத்தில் எத்தனை ஏக்கர் சாகுபடி, என்ன விளைச்சல், என்ன விலை என்று கூட்டினார். உப்பு, நிலக்கரி, கைத்தொழில் எல்லாவற்றையும் சேர்த்தார். 1867-68-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த உற்பத்தி 340 கோடி ரூபாய். மக்கள் 17 கோடி. ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்!

சிறைக் கைதிகளுக்குச் சோறும் துணியும் தர சர்க்காருக்கு ஆகும் செலவை இதன் பக்கத்தில் எழுதினார். சென்னை மாகாணத்தில் ஒரு தலைக்கு உற்பத்தி 18 ரூபாய். கைதியின் செலவோ சுமார் 53 ரூபாய். பம்பாய் மாகாணத்தில் உற்பத்தி 22 ரூபாய். கைதிக்கு சுமார் 47 ரூபாய். குற்றம் செய்து உள்ளே போனவனுக்குக் கிடைத்தது, ஏர் பிடித்தவனுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கு தவறு என்று அதிகாரிகள் வாதாடினார்கள். 1882-ல் அவர்களே போட்ட கணக்கிலும் 27 ரூபாய்தான் வந்தது.

பணம் எங்கே போயிற்று?

கம்பெனி ஆட்சிக்கு முன்பு இந்தியத் துணிக்கு விலையாக அயல்நாட்டு வெள்ளி சூரத்திலும் வங்காளத்திலும் வந்து இறங்கியது. 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்கு வந்த பின், வசூலான வரிப் பணத்திலேயே துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். பிறகு வெள்ளை அதிகாரிகளின் சம்பளம், பென்ஷன், லண்டன் இந்தியா ஆபீஸ் செலவு, ரயில்வே முதலுக்கு உறுதி அளித்த 5 சதவீத வட்டி எல்லாம் இந்தியக் குடியானவன் தலையில் விழுந்தன. முந்தைய அரசர்கள் கடுமையாக வசூலித்தாலும் அதை இங்கேயே செலவிட்டார்கள். இப்போது போவது திரும்பி வருவதில்லை என்பதே நௌரோஜியின் வாதம்.

ஊர் விட்டு வந்து உழைப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதையும் இதே கண்ணோடு பார்ப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. தொழிலாளி அனுப்புவது உழைத்த கூலி. அதற்கு ஈடாக அவன் கட்டிய கட்டடமும் செய்த வேலையும் உழைத்த ஊரிலேயே நிற்கின்றன. நௌரோஜி எதிர்த்தது, வரி கொடுத்தவனைக் கேளாமல், அவனுக்கு ஈடு எதுவும் தராமல் கடல் தாண்டிய பணத்தை.

பரிகாரமும் அவரே சொன்னார்: இந்தியர்களுக்கே உத்தியோகம் கொடுங்கள் என்றார். 1892-ல், விரல் விட்டு எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் வென்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நுழைந்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893-ல் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. சர்க்கார் அதைக் கிடப்பில் போட்டது. இந்தியாவில் அந்தத் தேர்வு நடந்தது 1922-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1906-ல் கல்கத்தா காங்கிரசில் தலைமை தாங்கி, சுயராஜ்யமே லட்சியம் என்று அறிவித்த அந்தக் கிழவர், 1917 ஜூன் 30-ந் தேதி 91-வது வயதில் பம்பாயில் காலமானார்.

சுதந்திரத்துக்குப் பின்

சுதந்திர இந்தியா 1949-ல் தேசிய வருமானக் கமிட்டியை அமைத்தது. தலைவர் மகலனோபிஸ், உறுப்பினர்கள் காட்கிலும், காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவும். 1948-49-ல் ஆளுக்கு சுமார் 250 ரூபாய் என்று கமிட்டி கணக்கிட்டது. தொகை பெரிதாகத் தெரிந்தாலும் விலைவாசி அதைத் தின்றிருந்தது. வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஐம்பது ஆண்டுகளில் தனிநபரின் உண்மை வருமானம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. 1950-க்குப் பிறகுதான் மெல்ல நகரத் தொடங்கியது.

வெளியேறிய செல்வம் எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஏழ்மையைத் தலைவிதி என்று விட்டுவிடாமல், வரவு என்ன, செலவு என்ன, மிச்சம் யார் கைக்குப் போகிறது என்று ஆள்பவர்களையே கேட்கலாம் என்ற துணிவை இந்தியர்களுக்குத் தந்தவர் அந்தக் கணக்கு வாத்தியார்தான்.