பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் நகரத் திட்டமிடலாளரும் ஆவார். இளமையில் கண்பார்வை பாதிக்கப்பட்டதால் நுண்ணோக்கி ஆய்வுகளை விடுத்து நகரங்களை ஆராயத் தொடங்கினார்.

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914 இல் இந்தியா வந்தார். அவரது கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சில வாரங்களுக்கு முன் சென்னையைத் தாக்கிய அதே கப்பல். நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது.

பின்னர் மாகாணத்தின் பல நகரங்களை ஆராய்ந்து அறிக்கைகள் அளித்தார். தஞ்சாவூரில் வீடுகளை இடித்து நேர்த்தெருக்கள் அமைக்கும் திட்டத்தை எதிர்த்தார். இயன்றவரை வீடுகளையும் மரங்களையும் காத்து, தேவையான இடத்தில் மட்டும் வெளி உண்டாக்குவதே அவரது முறை. அதற்குச் செலவும் குறைவு.

கொசுக்களைக் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. குளங்கள் நகரைக் குளிர்விக்கும், மீன்களும் வாத்துகளும் கொசுப்புழுக்களை உண்ணும் என வாதிட்டார். அவரது கருத்துகளுள் இன்றைய தென்சென்னைக்கு மிக நெருக்கமானது இதுவே எனலாம். மேடவாக்கத்தை அடுத்துள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலம் குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் பெரிதும் சுருங்கியது. 2015 வெள்ளத்தில் இப்புறநகர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 2022 இல் அச்சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கெடிஸ் 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1925 இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். பிரான்சின் மோன்பெலியே நகரில் காலமானார்.