பாலையில் பாதை கண்டவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

கடல் கடந்து புதுநிலம் கண்டவர்களைப் பாடநூல்கள் போற்றுகின்றன. மலை முகட்டில் கொடி நாட்டியவர்களை உலகம் அறியும். ஆனால் நாம் நாள்தோறும் நடக்கும் சாலையை அமைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. மைல்கல்லில் ஊரின் பெயர் இருக்கும், தூரம் இருக்கும். சாலை போட்டவர் பெயர் இருப்பதில்லை. இந்த வழக்கத்துக்கு விலக்காக வாழ்ந்தவர் ஆஸ்திரேலிய நாட்டு நில அளவையாளர் லென் பீடெல். அந்நாட்டின் நடுப் பாலைவனத்தில் 6,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகளை ஒரு சிறு குழுவைக் கொண்டு அமைத்தவர். அவர் வாழ்வைப் படிக்கும்போது வியப்பும் எழுகிறது. அவ்வியப்பின் நடுவே ஒரு வினாவும் எழுகிறது. இரண்டையும் என் சக மாணவர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் தொழிலும்

1923ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் பென்னன்ட் ஹில்ஸ் என்னும் ஊரில் பீடெல் பிறந்தார். சிறுவயதில் சாரணர் படையில் சேர்ந்தார். அவருடைய சாரணத் தலைவர் தொழிலால் ஒரு நில அளவையாளர். 12 வயதுச் சிறுவன் விடுமுறை நாட்களில் அவருடன் சென்று சங்கிலி பிடித்தான், கோணம் பார்த்தான். பள்ளிக்கூடம் காட்டாத வழியை அந்த அளவைக் கருவி காட்டிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தின் நில அளவைப் பிரிவில் சேர்ந்து நியூகினியில் பணியாற்றினார். போர் முடிந்தபின், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள ஆர்ன்ஹெம் நிலப்பகுதிக்குச் சென்ற அறிவியல் குழு ஒன்றுடன் போனார். குழுவினர் கண்டறிந்தவை எந்த இடத்தில் உள்ளன என்பதை விண்மீன்களைப் பார்த்துக் கணித்துக் கொடுப்பதே அவர் வேலை.

இராணுவத்தை விட்டு வீடு திரும்பலாம் என்றிருந்த வேளையில் புதிய அழைப்பு வந்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நெடுந்தொலைவு ஏவுகணைகளைச் சோதிக்க ஓர் இடம் தேடின. 1946, 1947ஆம் ஆண்டுகளில் அந்த இடத்தின் தொடக்க அளவையை மேற்கொண்டவர் பீடெல். அங்கு எழுந்த ஊருக்கு வூமரா என்று பெயரிட்டனர். வூமரா என்பது ஈட்டியை விசையுடன் எறிய ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பயன்படுத்திய கைக்கருவியின் பெயர். அம்மண்ணின் மக்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். நிலத்தை எடுப்பதற்கு அவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

விண்மீன் காட்டிய வழி

இயற்பியல் மாணவர் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது அவர் இடத்தைக் கண்டுபிடித்த முறை. கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடும் முல்கா மரமும் ஸ்பினிபெக்ஸ் புல்லுமே உள்ள நிலம் அது. முல்கா நம் வேல மரத்துக்கு உறவு. ஆறு இல்லை, ஊர் இல்லை, கோபுரம் இல்லை. வழி கேட்க ஆளும் இல்லை. செயற்கைக்கோள் உதவியால் இருக்குமிடம் அறியும் காலமும் அன்று வரவில்லை. தாம் நிற்கும் புள்ளியை உலக உருண்டையில் எப்படிக் குறிப்பது?

பகலெல்லாம் வண்டி ஓட்டிக் களைத்த பீடெல், இரவில் தியோடலைட்டை முக்காலியில் நிறுத்தி விண்மீன்களின் உயரக் கோணங்களை அளப்பார். நம் நாட்டிலிருந்து பார்த்தால் வடக்கே துருவ மீன் தெரியும். தென்பாதி உலகில் அத்தகைய ஒளிமிக்க துருவ மீன் கிடையாது. ஆதலால் பல விண்மீன்களைப் பார்த்து, அட்டவணைகளைப் புரட்டி, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டும்.

இதில் எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதை நம் ஆய்வகத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். நாம் பயன்படுத்தும் நிறமாலைமானியின் வெர்னியர் 1 கலை வரை காட்டும். அட்சரேகையில் 1 கலை பிழைத்தால் தரையில் ஏறத்தாழ 1,850 மீட்டர் தவறும். அதில் அறுபதில் ஒரு பங்கான 1 விகலை பிழைத்தால் 30 மீட்டர் தவறும். தீர்க்கரேகைக்கோ சரியான நேரம் வேண்டும். புவி 1 விநாடியில் 15 விகலை சுழல்கிறது. கடிகாரம் 1 விநாடி தவறினால் அந்தப் பாலை அமைந்துள்ள அட்சத்தில் 400 மீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். ஆகவே வானொலியில் வரும் நேரக் குறிப்போடு கடிகாரத்தை ஒப்பிட்டுக்கொள்வது இவ்வளவையில் இன்றியமையாதது. வெர்னியரைப் பார்க்கும்போது கண் வலிக்கிறது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அங்கே ஒருவர், பகல் முழுதும் உழைத்த உடலோடு, பூச்சிகள் மொய்க்கும் விளக்கொளியில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்!

துப்பாக்கிக் குழல் நெடுஞ்சாலை

ஏவுகணை பறக்கும் திசையில் வானிலை நிலையம் வேண்டும். அளவைப் புள்ளிகள் வேண்டும். அவற்றை அடையப் பாதை வேண்டும். இதற்காக 1955 முதல் 1963 வரை பீடெல் ஒரு சிறு குழுவைத் தலைமையேற்று நடத்தினார். குழுவில் பத்துப் பேருக்கும் குறைவு. ஒரு புல்டோசர், தரை சமன் செய்யும் ஒரு கிரேடர், உணவும் நீரும் எரிபொருளும் சுமக்கும் லாரிகள், பீடெலின் லேண்ட் ரோவர் வண்டி ஆகியவையே அவர்கள் சொத்து.

வேலை முறை எளியது, ஆனால் கொடியது. பீடெல் தன்னந்தனியாக லேண்ட் ரோவரில் புதரை முட்டி மோதிக்கொண்டு முன்னே செல்வார். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி அது என்பதால் மணல்மேட்டில் ஏற முடிந்தது. ஒடிந்த முல்காக் குச்சிகள் ஆணிபோல் டயரைக் குத்தும். இறங்கி ஒட்டுப் போட்டுவிட்டு மீண்டும் புறப்பட வேண்டும். ஏற்ற வழியைக் கண்டபின் திரும்பி வந்து புல்டோசருக்குத் திசை காட்டுவார். பகலில் கண்ணாடியைப் பிடித்துச் சூரிய ஒளியைப் பளிச்சிட்டுக் காட்டுவார். அந்த ஒளிப்பொட்டை நோக்கி மரங்களைச் சாய்த்துக்கொண்டு புல்டோசர் வரும். பின்னால் கிரேடர் வந்து தரையைச் சீவிச் சமன் செய்யும். தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை, மண்ணே சாலை.

பாதை துப்பாக்கிக் குழல்போல் நேராக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால் குழுவுக்கே கன்பேரல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கன்பேரல் நெடுஞ்சாலை 1958இல் நிறைவு பெற்றது. நடுப்பாலையைக் கிழக்கு மேற்காகக் கடந்த முதற்சாலை அதுவே. அவ்வழியில் 1956இல் ஜைல்ஸ் வானிலை நிலையம் அமைக்கப்பட்டது. 1958இல் பீடெலுக்கு பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் வழங்கப்பட்டது.

1961இல் திருமணம் செய்துகொண்டார். மனைவி பெயர் ஆன். ஒரு சாலை ஆன் பீடெல் நெடுஞ்சாலை ஆயிற்று. மூத்த மகள் கோனி சூ கைக்குழந்தையாக இருந்தபோதே தாயுடன் 1962இல் பாலைக்குச் சென்றாள். அப்போது போட்ட சாலைக்கு அவள் பெயர். மகன் பெயரில் கேரி நெடுஞ்சாலை. இளைய மகள் பெயரில் ஜாக்கி சந்திப்பு. சாலைகள் சந்திக்கும் இடங்களில் அட்ச தீர்க்கரேகைகளையும் நாளையும் அலுமினியத் தகட்டில் பொறித்து நட்டுவைத்தார். மருத்துவர் இல்லாத அக்காட்டில் குழுவினருக்குப் பல்வலி வந்தால் பல் பிடுங்கியவரும் அவரே! படம் வரைவார், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். 1965 முதல் அவர் எழுதிய நூல்கள் ஆஸ்திரேலிய மக்களிடையே பெரும் வரவேற்புப் பெற்றன.

சாலை யாருக்கு?

இங்கேதான் என் வினா தொடங்குகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை சாலை போடும் கூலி வேலைக்குச் செல்பவர். எங்கள் ஊருக்குச் சாலை வந்தது. சாலையோடு பேருந்து வந்தது. பேருந்து வந்ததால் நான் இக்கல்லூரிக்கு வந்தேன். எங்கள் வீட்டில் சாலை என்றால் அது நன்மைக்கு மறுபெயர். ஆனால் பீடெல் போட்ட சாலைகள் ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைக்கப் போடப்பட்டவை அல்ல. அவை ஆயுதத்துக்காகப் போடப்பட்டவை.

1952இல் அணுகுண்டுச் சோதனைக்கு இடம் தேடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தேர்ந்து கொடுத்த எமு களத்தில் 1953ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாளும் 27ஆம் நாளும் பிரிட்டன் இரண்டு அணுகுண்டுகளை வெடித்தது. பின்னர் அவர் கண்டு கொடுத்த மாரலிங்காவில் 1956, 1957ஆம் ஆண்டுகளில் மேலும் ஏழு குண்டுகள் வெடிக்கப்பட்டன.

ஆளில்லாத நிலம் என்று அரசுகள் கருதின. ஆனால் எமு களத்துக்கு அருகில் வரிசை வரிசையாக நட்டுவைத்த கற்களைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் பீடெலே. நட்ட கல் இருந்தால் நட்ட கை இருந்திருக்கும் அன்றோ? அம்மக்களின் சடங்கு நிலம் அது. 1952இல் ஊல்டியா என்னும் இடத்தில் இருந்த பழங்குடி மக்கள் தெற்கே யலாட்டாவுக்கு அகற்றப்பட்டனர். பாலையில் எஞ்சி நடமாடியவர்களைத் தேடி எச்சரிக்கத் தொடக்கத்தில் ஒரே ஒரு ரோந்து அலுவலர் இருந்தார். எமு களத்தின் முதல் வெடிப்புக்குப் பின் தங்கள் மீது ஒரு கறுப்பு மூடுபனி கவிந்தது என்றும், அதன்பின் நோய் வந்தது என்றும் வாலட்டினா பகுதி மக்கள் சாட்சியம் கூறினர். 1984, 1985ஆம் ஆண்டுகளில் விசாரித்த அரசு ஆணையம், அக்குண்டு பொருந்தாத காற்று நிலையில் வெடிக்கப்பட்டது என்று முடிவு கூறியது.

இதற்கெல்லாம் பீடெல் ஒருவரே பொறுப்பு என்று சொல்வது அறமாகாது. ஆணையிட்டவர்கள் தலைநகரங்களில் இருந்தார்கள். அவர் அளந்து கொடுத்தவர். ஆனால் அளந்து கொடுப்பவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்லிவிடவும் என் மனம் இடம் தரவில்லை. நாளை நம்மில் பலர் அளக்கும் வேலைக்கும் ஆராயும் வேலைக்கும் போகப்போகிறோம். கோணம் சரியா என்று மட்டும் பார்ப்போமா? எதற்காக அளக்கிறோம் என்றும் கேட்போமா?

இன்றைய நிலை

பீடெல் 1988இல் பணி ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் ஆஸ்திரேலிய அரசின் விருதும் பெற்றார். 1995ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 72ஆம் வயதில் மறைந்தார். 3161 என்ற எண் கொண்ட குறுங்கோளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. விண்ணைப் பார்த்து மண்ணை அளந்தவரின் பெயர் விண்ணிலேயே நிலைத்துவிட்டது.

அவர் போட்ட பாதைகளில் இன்று செல்வோர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். நான்கு சக்கர விசை வண்டிகளில் பல நாள் நீரும் உணவும் மாற்றுச் சக்கரங்களும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். மணல் வந்தால் டயரில் காற்றைக் குறைக்கிறார்கள். டயர் மண்ணில் பதியும் பரப்பு கூடும், பரப்புக் கூடினால் அழுத்தம் குறையும், சக்கரம் புதையாது. நாம் முதலாண்டில் படித்த பாடம்தான்!

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் வேறொன்று. 1984இல் இயற்றிய சட்டத்தால் மாரலிங்கா நிலம் அதன் பழங்குடி உரிமையாளர்களுக்குத் திரும்பியது. சோதனை நடந்த கடைசிப் பகுதி 2009இல் திரும்பியது. மேற்கே உள்ள ஸ்பினிபெக்ஸ் மக்களின் நில உரிமையை 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்றது. இன்று ஆன் பீடெல் நெடுஞ்சாலையில் செல்ல விரும்புவோர் அம்மக்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியின் நடுவே இல்குர்ல்கா என்னுமிடத்தில் எரிபொருள் விற்பவர்களும் அவர்களே. யாரைக் கேளாமல் சாலை போடப்பட்டதோ அவர்களைக் கேட்டே அச்சாலையில் இன்று செல்ல வேண்டியிருக்கிறது.

முடிவாக ஒன்று. பீடெலிடமிருந்து நாம் கற்க வேண்டியவை பல. கருவியைக் கையாளும் பொறுமை, தனிமைக்கு அஞ்சாத துணிவு, துன்பத்திலும் சிரிக்கும் மனம் ஆகியவை எந்த மாணவரும் போற்றத்தக்கவை. அவர் வாழ்வின் மறுபக்கம் கற்றுத் தருவதும் ஒன்றுண்டு. நேராகப் போவதால் மட்டுமே ஒரு சாலை நல்ல சாலை ஆகிவிடாது. அது யாருடைய நிலத்தின் வழியே போகிறது, எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பவற்றையும் பார்த்தே அதன் நன்மையை அளக்க வேண்டும். அந்த அளவைக்கு தியோடலைட் உதவாது, மனச்சான்றுதான் உதவும்.