பொறியும் பொறுப்பும்

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் 1894ஆம் ஆண்டு பிறந்தவர் நார்பர்ட் வீனர். பன்மொழிப் புலவராகிய தந்தையாரே அவருக்கு ஆசிரியராகவும் அமைந்தார். 14ஆம் அகவையில் கல்லூரிப் பட்டமும், 18ஆம் அகவையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்ற வீனர், 1919 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதம் கற்பித்து வந்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. பறந்து வரும் பகை விமானம் அடுத்து எங்கிருக்கும் என்பதை முன்னரே கணித்துப் பீரங்கிக்கு உணர்த்தும் கருவியொன்றை அமைக்க அவர் முயன்றார். அக்கருவி போர்க்களத்தை எட்டவில்லை. எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை. கலம் திசை விலகுவதைக் கண்டு மீகாமன் சுக்கானைத் திருப்புதல் போல, பொறியும் தன் செயலின் விளைவை அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது எனக் கண்டார். 1948இல் இதனை விரித்து நூல் எழுதி, மீகாமன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டே அப்புதிய துறைக்குச் சைபர்னெட்டிக்ஸ் எனப் பெயரிட்டார்.

தாம் வளர்த்த கலையின் தீமையையும் ஆராய்ந்தமையே அவரது தனிச்சிறப்பு. ஹிரோஷிமா அழிந்த பின்னர், ஏவுகணை ஆய்வாளர் ஒருவர் அவருடைய போர்க்கால ஆய்வேட்டைக் கேட்டபோது தர மறுத்தார். மறுப்புக் கடிதத்தை 1947இல் இதழிலும் வெளியிட்டார். தம் அறிவு எவர் கையில் எவ்வாறு பயன்படும் என்பதற்கும் அறிஞன் பொறுப்பாளியே என்பது அவர் கொள்கை.

மந்திரக் குரங்குக்கை பற்றிய ஆங்கிலக் கதையொன்றை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். முதியவர் ஒருவர் அதனிடம் 200 பவுன் வேண்டினார். பணம் வந்தது, ஆனால் ஆலைப் பொறியில் சிக்கி மாண்ட மகனுக்கு ஈடாக வந்தது! பொறியும் அத்தகையதே. ஏவியதைச் செய்யும், ஏவியவர் உள்ளத்தை அறியாது.

மரண தண்டனையை நிறைவேற்றும் துப்பாக்கி வீரருள் சிலருக்கு வெற்றுத் தோட்டா கொடுக்கும் வழக்கமுண்டு. அது யாருக்கு வாய்த்தது என்பதை அவர்கள் அறியார். ஆதலின், தம் குண்டால் அவன் மடியவில்லை என ஒவ்வொருவரும் மனந்தேறலாம். கொடிய முடிவுகளைப் பொறியிடம் ஒப்படைப்போர் நாடுவதும் இத்தகைய ஆறுதலே என வீனர் கடிந்துரைத்தார். கடன் கொடுக்கவும் வேலைக்கு ஆள் தெரியவும் செயற்கை நுண்ணறிவை நாடும் இந்நாளில், பிழை நேர்ந்தால் யாரை வினவுவது என எழும் வழக்குகளின் வேர் இதுவேயாகும்.

இக்கருத்துகள் அடங்கிய நூல் 1964இல் வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஸ்டாக்ஹோம் நகரில் வீனர் காலமானார். மறு ஆண்டு அந்நூலுக்கு அமெரிக்கத் தேசிய நூற்பரிசு வழங்கப்பெற்றது.