பேரறிஞர் வெப்லென்

மாந்தர் பொருள் ஈட்டுவதும் செலவிடுவதும் அறிவின் வழிப்பட்ட கணக்கினாலேயே என்பது முன்னாளைப் பொருளாதார நூலோர் பலரின் கொள்கை. அதனை மறுத்த அறிஞருள் தலைசிறந்தவர் தார்ஸ்டீன் வெப்லென் என்பார். அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில், நார்வே நாட்டினின்று குடியேறிய உழவர் குடும்பத்தில், 1857-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ம் நாள் வெப்லென் பிறந்தார். வீட்டில் வழங்கியது நார்வே மொழியே. எனினும், மக்களுக்குக் கல்வியளிப்பதில் உறுதி பூண்ட தந்தையார், கிறிஸ்தவ சபையார் நிறுவிய கார்ல்டன் கல்லூரிக்கு இவரை அனுப்பினார். 1880-ல் அங்குத் தேறிய இவர், 1884-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆயினும் என்? ஆசிரியர் பதவி ஒன்றும் வாய்த்திலது. ஏறத்தாழ ஏழாண்டுகள் வேலையின்றி, உழவர் இல்லத்திலேயே நூல்கள் பயின்று கழித்தார். பின்னரே, 1892-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார்.

டார்வினுடைய பரிணாமக் கொள்கையில் ஆழ்ந்த வெப்லென், பொருளாதாரமும் அந்நெறியிலே ஆராயப்படல் வேண்டும் என்று 1898-ல் எழுதினார். மனிதன் இன்பதுன்பங்களை நிறுத்துப் பார்க்கும் தராசு அல்லன். நெடுங்காலமாக வளர்ந்து வந்த இயல்பூக்கங்களும் பழக்கங்களுமே அவனை இயக்குகின்றன என்பது அவர் துணிபு. மறுவருடம் வெளியிட்ட நூலில், உழைப்பின்றி வாழ்வோர் தம் பெருமையைப் பிறர் காணச் செலவிடுதலையும், ஏனையோர் அவரைப் பின்பற்றி அலைதலையும் விளக்கினார். கையாற் செய்த வெள்ளிக் கரண்டி அந்நாளில் 10 அல்லது 20 டாலர் பெற்றது. இயந்திரத்திற் செய்த அலுமினியக் கரண்டியோ 10 அல்லது 20 செண்டே பெற்றது. உண்பதற்கு இரண்டும் ஒக்கும். எனினும் முன்னதையே அழகியது என்கின்றோம். அவ்வழகிற் பெரும்பகுதி அதன் விலையே என்று அவர் காட்டினார். விலை ஏறுந்தோறும் விரும்பப்படும் பண்டங்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றன. நல்வினைத்திறத்தில் மனிதனுக்குள்ள இயற்கை விருப்பத்தையும் அவர் மறந்தாரல்லர். அதுபற்றி 1914-ல் தனிநூல் இயற்றினார்.

1929-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ம் நாள் வெப்லென் கலிபோர்னியாவில் உயிர் நீத்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்து, கணக்கறிந்தோர் எனப்பட்டோரும் கலங்கினர்.

தம் சாம்பலைக் கடலில் தூவுக. கல்லும் சிலையும் நாட்டற்க. சரிதமும் வெளியிடற்க என அவர் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பகட்டைக் கடிந்தவர் தம் மறைவிலும் பகட்டை வேண்டிற்றிலர். ஒருநாள் திருமணத்தின் பொருட்டுப் பல்லாண்டு கடன் சுமப்போர் நம்மிடையேயும் உளர். கல்லூரி விழாவுக்கென யாம் வாங்கிய மேலாடையும் குளிருக்காக அன்று, தோழர் கண்களுக்காகவே. இதனை உணர்த்திய பெரியாரின் வரலாற்றை, அவர் விருப்பத்திற்கு மாறாயினும் வரைந்தோம். அவர் பொறுத்தருள்வாராக.