ஜப்ர் எனும் சொல்லும் அல் குவாரிஸ்மீ அவர்களும்

இரு சஜ்தாக்களுக்கு இடையில் அமர்ந்து நாம் ஓதும் துஆவில் வஜ்புர்னீ என்றொரு சொல் உண்டு. என் குறையை நிவர்த்தி செய்வாயாக என்பது அதன் கருத்து. அச்சொல்லின் மூலம் ஜப்ர். முறிந்ததைச் சேர்த்துச் செவ்வையாக்குதல் என்று அதற்குப் பொருள். முறிந்த எலும்பின் மீது கட்டப்படும் கட்டுக்கு ஜபீரா என்று பெயர். அதன் மீது மஸஹ் செய்யும் சட்டங்களை ஃபிக்ஹு நூல்களில் காண்கிறோம். நிர்ப்பந்தித்தல் என்ற பொருளும் ஜப்ருக்கு உண்டு. அல் ஜப்பார் எனும் திருநாமத்திற்கு உலமாக்கள் இவ்விரு பொருளையும் கூறுவர். நம்மில் பலர் அடக்கியாள்பவன் என்பதை மட்டுமே அறிந்திருப்பது வருந்தத்தக்கது.

இச்சொல்லைக் கணிதத்தில் நிலைபெறச் செய்தவர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ அவர்கள். ஏறத்தாழ கி.பி. 780 முதல் 850 வரை வாழ்ந்தவர்கள். ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் பகுதியின் பெயரே அவர்கள் பெயருடன் இணைந்துள்ளது. பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அவர்கள், கலீஃபா மஃமூன் (813-833) அளித்த ஊக்கத்தால் ஜப்ர், முகாபலா பற்றிய தம் நூலை இயற்றினார்கள்.

அந்நூலில் இன்றைய குறியீடுகள் எதுவுமில்லை, யாவும் சொற்களே. பத்திலிருந்து ஒரு பொருளைக் கழித்தால் நான்கு எனக் கொள்வோம். இங்கே பத்து குறைபட்டு நிற்கிறது. கழித்த பொருளை இருபுறமும் சேர்த்தால் பத்து முழுமை பெறும். நான்கும் அப்பொருளும் சேர்ந்து பத்தாகும். இதுவே ஜப்ர். பின் இருபுறமும் நான்கை நீக்கினால் பொருள் ஆறு என விளங்கும். இது முகாபலா.

கணக்கு துன்யாவுக்குரியது, மார்க்கத்துக்கு அதில் என்ன வேலை என்போர் இந்நூலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பாதி நூல் வஸிய்யத், வாரிசுப் பங்கீடு பற்றியதே! மகனுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, வஸிய்யத் போக மீதி எவ்வளவு என்று பிசகாமல் பிரிப்பதற்கே இக்கணக்கு பயன்பட்டது. மத்ரஸாக்களில் ஃபராயிள் பாடத்தில் தடுமாறும் மாணவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறை பற்றியும் அவர்கள் எழுதினார்கள். அது லத்தீனுக்குச் சென்றபோது அவர்கள் பெயரே திரிந்து, இன்று கணினித் துறையினர் கூறும் அல்காரிதம் ஆயிற்று.

1145இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ஊரைச் சேர்ந்த ராபர்ட் என்பவர் ஜப்ர் நூலை லத்தீனில் பெயர்த்தார். அல் ஜப்ர், அல்ஜிப்ரா ஆனது. ஸ்பெயின் மக்களிடமோ பழைய பொருளும் அழியவில்லை. முஸ்லிம்களின் ஆட்சி 1492இல் அங்கு முடிவுற்ற பின்னரும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரை அவர்கள் அல்ஜெப்ரிஸ்தா என்றே அழைத்து வந்தனர்.