வில்லியம் பெவரிட்ஜ்

வில்லியம் பெவரிட்ஜ் (மார்ச் 5, 1879 – மார்ச் 16, 1963) பிரித்தானியப் பொருளியலாளர் ஆவார். இவர் இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூரில் பிறந்து, ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். வேலையின்மை தொழில்துறையின் சிக்கலே என்று 1909 ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் விளக்கினார். 1911 ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தை உருவாக்குவதில் பங்காற்றினார். இச்சட்டப்படி குறிப்பிட்ட சில தொழில்களில் வேலையிழந்தோருக்கு வாரம் 7 சில்லிங் வழங்கப்பட்டது.

1931 இல் பிரித்தானிய அரசு குடும்ப வருமான ஆய்வைப் புகுத்தியது. பெற்றோருடன் வாழ்ந்த வேலையற்ற இளைஞரின் உதவித்தொகை, வீட்டிலுள்ள பிறரது ஊதியத்தைக் காட்டிக் குறைக்கப்பட்டது. இதனால் சிலர் வீட்டைவிட்டு வெளியேறினர். சந்தா செலுத்தியோருக்கு வருமான ஆய்வின்றி உதவித்தொகை உரிமையாகக் கிடைக்க வேண்டும் என 1942 இல் பெவரிட்ஜ் அறிக்கை பரிந்துரைத்தது. இது 1948 இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் சந்தா செலுத்தியிராத புதிய பட்டதாரிகள் இக்காப்பீட்டில் அடங்கவில்லை.